ஜனீன் கெர்ஷாவின் பல்

ஜனீன் கெர்ஷா யார் வீட்டுக்குப் போனாலும் கோட்டைக் கழற்ற மாட்டாள். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உள்ளே வருவாள், கெட்டிலில் தண்ணீர் பிடித்து அவளே சுவிட்சைத் தட்டுவாள், நாற்காலியை இழுத்து அதன் நுனியில் உட்காருவாள். பொத்தான்கள் கழுத்துவரை போட்டபடியே இருக்கும். ஹீட்டர் சூட்டில் நெற்றி வியர்த்தாலும் கழற்ற மாட்டாள். "குடு, மாட்டி வைக்கிறேன்" என்று முதல் இரண்டு வருஷம் கேட்டுப் பார்த்தேன். "இதோ கெளம்பிட்டேன்டி" என்பாள். சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் இருப்பாள். அந்த மூன்று மணி நேரமும் கிளம்பிக்கொண்டேதான் இருப்பாள்.

அந்தக் கோட்டு எப்போது அவள் உடம்போடு ஒட்டியது என்று எனக்குத் தெரியும். எங்கள் சமையலறைச் சுவரில் இருந்த டெலிபோன்தான் அதற்குக் காரணம்.

இங்கிலாந்தில், மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஓல்டம் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறை. நான் பதினாறு வயதில், பரீட்சைகூட எழுதாமல் படிப்பை விட்டு அங்கே சேர்ந்தவள். உருளைக்கிழங்கு மசித்தும் கஸ்டர்டு கிளறியும் பத்து வருஷம் போன பிறகு, தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஜனீன் வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அதற்குள் ஏழு வேலை பார்த்து விட்டிருந்தாள். கடைசியாக இருந்தது நாய்களுக்கு முடி வெட்டும் கடையில். அங்கே ஒரு நாய் கடித்ததா, அவள் முதலாளியைக் கடித்தாளா என்று இரண்டு விதமாகவும் ஊரில் சொன்னார்கள்.

"இது எட்டாவது வேலை. ஒம்பதாவது என்னன்னு எனக்கு இப்பவே தெரியும்" என்றாள் வந்த அன்றே.

"என்னவாம்?" என்று கேட்டாள் எட்னா. எங்கள் தலைமைச் சமையல்காரி.

"பாட்டு."

"பாட்டா! நல்லது கண்ணு. மொதல்ல அந்தப் பட்டாணிய வடிகட்டு. ஆறிப் போச்சுன்னா அதுவும் பாடும்."

பட்டாணியை வடிகட்டிக்கொண்டே ஜனீன் பாடினாள். பெரிய குரல் ஒன்றும் இல்லை. ஆனால் அறையின் அந்தக் கோடியில் நின்று பாடினாலும் நம் காதோரம் நின்று நம்மிடம் மட்டும் எதையோ சொல்வதுபோல் இருந்தது. நான் கையில் இருந்த தட்டை வைக்க மறந்து நின்றேன். எட்னா அந்தப் பட்டாணியைப் பிறகு கேட்கவே இல்லை.

மான்செஸ்டரில், பழைய பஞ்சாலைக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில், நெவில் என்று ஒரு ஆள் ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தார். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, லண்டனில் உள்ளவர்களுக்குக் கொடுப்பார். ஜனீன் ஒரு தொழிலாளர் கிளப்பில் பாடியதைக் கேட்டு, அவளைக் கைட் பாடக் கூப்பிட்டார். ஒரு புதுப் பாட்டை நிஜமாகப் பாடப்போகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டுமே, அதற்காக அதை முதலில் ஒருத்தி முழுதாகப் பாடி டேப்பில் பதிந்து கொடுப்பாள். அதுதான் கைட். பாடகிகள் அதைப் போட்டுப் போட்டுக் கேட்டுப் படித்துக்கொள்வார்கள். அவர்கள் பாடிப் பதிவானதும் கைட்டை அழித்துவிடுவார்கள். அந்த டேப்பில் அவர்கள் குரல் மட்டும்தான் மிஞ்சும்.

ஜனீன் வீட்டு போனை அவள் அண்ணன் தம்பிகள் யாரும் எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் சொல்ல மாட்டார்கள். அதனால் எங்கள் சமையலறை நம்பரை நெவிலிடம் கொடுத்துவிட்டாள். பாட்டுக்காரர்கள் எழுந்திருப்பதே பன்னிரண்டு மணிக்கு. எங்களுக்கு அது நானூறு பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும் நேரம். சரியாக அப்போதுதான் மணி அடிக்கும். ஜனீன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுவாள். "வர்றேன், வர்றேன், அரை மணியில வர்றேன்" என்று கத்திவிட்டு, ஏப்ரன் மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு எண்பத்திரண்டாம் நம்பர் பஸ்ஸுக்குப் பாய்வாள். ஒருமுறை கோட்டைத் தேடி இரண்டு நிமிஷம் போய் பஸ் போய்விட்டது. அந்த வேலை வேறு யாருக்கோ போனது. அதற்குப் பிறகு பதினொன்றரை ஆனால் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பரிமாறுவாள்.

"பிள்ளைங்க ஒன்னப் பாத்து பயப்படுதுங்க. யாரோ சோத்தத் திருடிக்கிட்டு ஓடப் போறவ மாதிரி இருக்கே" என்பாள் எட்னா.

தொண்ணூற்று நான்கில் டாஃபி மூன் என்ற பாட்டுக் கோஷ்டி உண்டானது. லண்டனில் ஒரு மேனேஜர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, நூற்றுக்கணக்கான பெண்களை வரவழைத்து, நாலு பேரைப் பொறுக்கி, ஒரே வீட்டில் குடிவைத்து, ஆடவும் பேசவும் சிரிக்கவும் பழக்கினார். பாட்டு எல்லாம் நெவிலுடையது. கைட் எல்லாம் ஜனீனுடையது. அந்த நாலு பேரை அவள் பார்த்ததுகூட இல்லை. டேப் மட்டும் அவர்கள் வீட்டுக்குத் தபாலில் போகும்.

ஜனீன் நெவிலிடம் நேராகவே கேட்டாள். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, கோட்டோடு அடுப்புக்கும் கதவுக்கும் நடையாய் நடந்து அதைச் சொன்னாள்.

"கேட்டுட்டேன்டி பாலீன். 'என்ன ஏன் சேக்கல'ன்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னார்?"

"'நான் பொறுக்கல, லண்டன்காரன் பொறுக்குனான்'னாரு. 'ஆனா இந்த மாதிரி கோஷ்டியெல்லாம் ரெண்டு வருஷம் தாங்காது. சண்டை வரும், காதல் வரும், எவளாவது ஒருத்தி பொட்டியத் தூக்குவா. அப்ப அந்த எடத்துக்கு மொத ஆளு நீதான். பாட்டு பூரா உனக்குத் தெரியும்ல?' அப்படின்னாரு."

"எழுதிக் குடுத்தாரா?"

"எழுதிக் குடுக்க இது என்ன வீட்டு வாடகையா?" என்றாள். ஆனால் நடை நிற்கவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: அந்த நாலில் ஒரு இடம் காலியாக வேண்டும். அதற்காகத்தான் காத்திருந்தாள். உட்கார்ந்து காத்திருக்க அவளுக்குத் தெரியாது.

அடுத்த வருஷம் பிப்ரவரியில் அவளுக்குக் கடைவாய்க்கு முன்னால் இருக்கும் பல் ஒன்று வீங்கி, டாக்டர் பிடுங்கிவிட்டார். மறுநாளே நெவில் கூப்பிட்டார். சனிக்கிழமையைப் பற்றிய ஒரு பாட்டு. அதில் 'ஸ' வராத வரியே கிடையாது. பல் போன சந்தில் காற்று புகுந்து ஒவ்வொரு 'ஸ'வும் மெல்லிய சீழ்க்கையாக வெளியே வந்தது. ஜனீன் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"பரவால்ல, பாடு. கைட்தானே, அழிக்கத்தானே போறோம்" என்றார் நெவில்.

மே மாதம் அந்தப் பாட்டு வெளியானது. நாங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ரேடியோவில் வந்தது. நாலு பெண்கள். நாலு பேரும் ஒவ்வொரு 'ஸ'விலும் சீழ்க்கை அடித்தார்கள். அதுதான் பாட்டின் பாணி என்று நினைத்து, டேப்பில் கேட்டதைக் கேட்டபடியே கற்றுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன இது, நாலு பேருக்கும் பல்லு போச்சா?" என்றாள் எட்னா.

ஜனீன் கையில் தட்டுகளோடு அப்படியே நின்றாள். அதற்குள் டாக்டர் அவளுக்குப் பொய்ப்பல் ஒன்று வைத்துவிட்டிருந்தார். நாக்கால் அதை உள்ளுக்குள் தள்ளிப் பார்த்தாள். "அது என் பல்லுடி" என்றாள். "எட்னா, அது என் பல்லு!"

ஒரு மாதத்தில் நாடு முழுக்க அப்படிப் பேச ஆரம்பித்தது. பரிமாறும் ஜன்னலில் மூன்றாம் வகுப்புப் பெண்கள் சாசேஜ் கேட்டபோதுகூடச் சீழ்க்கையோடு கேட்டார்கள். ஜனீன் ஒவ்வொருத்திக்கும் ஒன்று கூடப் போட்டாள்.

நெவில் அவளுக்கு அந்தக் கைட்டின் பிரதி ஒன்றைக் கேசட்டில் கொடுத்திருந்தார். அப்படிக் கொடுக்கக் கூடாது. கெஞ்சி வாங்கினாள். அதை என்னிடம் கொண்டுவந்தாள்.

"நீ வெச்சிரு. எங்க வீட்டுல இருந்தா என் தம்பி அதுமேல ஃபுட்பால் பதிவு பண்ணிடுவான். உங்கிட்டதான் ஒரு பொருள் பத்திரமா இருக்கும்."

கேசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. "மறக்காம ஒடச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். கத்தியை எடுத்தேன், வைத்துவிட்டேன். அவள் பொருளில் எதையும் உடைக்க எனக்குக் கை வரவில்லை. அடையாளத்துக்கு நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு மட்டும் வைத்தேன்.

நான் யாரிடமும் சொல்லாத விஷயம், எனக்குப் பாட்டுப் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேடியோவில் அந்த வாரத்தின் நாற்பது பாட்டுகளைக் கடைசியிலிருந்து வரிசையாகப் போடுவார்கள். பிடித்த பாட்டு வரும்போது இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்திக் கேசட்டில் பிடிப்பேன். அறிவிப்பாளர் வாயைத் திறப்பதற்குள் நிறுத்த வேண்டும். அதில் எனக்கு நல்ல தேர்ச்சி. சனிக்கிழமைகளில் ஜனீனுடைய கேசட்டைப் போட்டுக் கேட்பேன். தனியாக, சத்தத்தைக் குறைத்து.

ஜூன் இரண்டாவது ஞாயிறு. ஆப்பிள் பைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டாவது இடம் முடிந்தது. முதல் இடம் டாஃபி மூன் என்று அறிவிப்பாளர் சொல்ல ஆரம்பித்ததுமே ஓடிவந்து, மாவுக் கையோடு இரண்டு விசைகளையும் அழுத்தினேன். பாட்டு முழுக்க நின்று கேட்டேன். சிரித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். முடிந்ததும் நிறுத்தினேன். அப்போதுதான் டேப் பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புப் பொட்டைப் பார்த்தேன். முந்தின நாள் கேட்டுவிட்டு எடுக்க மறந்திருந்தேன்.

பின்னால் ஓட்டிப் போட்டுக் கேட்டேன். அறிவிப்பாளர் குரலின் ஒரு துண்டு. அப்புறம் டாஃபி மூன். மூன்று நிமிஷம். அப்புறம் ஒரு 'க்ளிக்'. அதற்குப் பிறகு, ஜனீன். கைட் கொஞ்சம் நீளம் என்பதால் வால் மட்டும் தப்பியிருந்தது. கடைசி வரியை அவள் தனியாக, வாத்தியமே இல்லாமல், அந்தச் சீழ்க்கையோடு பாடுகிறாள். பிறகு நெவிலின் குரல்: "அவ்வளவுதான் ஜனீன். டீ குடிச்சிட்டு இன்னொரு தடவ பாத்துரலாம்." மொத்தம் பதினோரு விநாடி.

நான் அவளிடம் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் அவள் கோட்டோடு ஓடிக்கொண்டிருந்தாள். கேசட்டைப் பழைய இடத்தில் வைத்து இழுப்பறையை மூடினேன்.

அடுத்த இரண்டு வருஷம் டாஃபி மூனை விட்டு ஒதுங்கி நிற்க இடமே இல்லை. உருளைக்கிழங்குச் சிப்ஸ் பாக்கெட்டில் இருந்தார்கள், பிள்ளைகளின் சாப்பாட்டு டப்பாவில் இருந்தார்கள், பஸ்ஸின் பக்கவாட்டில் நாலு பேரும் இடுப்பில் கை வைத்துப் போனார்கள். மூன்று பாட்டு முதல் இடத்துக்கு வந்தது. மூன்றுக்கும் கைட் ஜனீன்தான். பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடச் சொன்னார் நெவில், இப்போது அது பாணி ஆகிவிட்டதே. பிறகு நெவிலுக்கும் மேனேஜருக்கும் சண்டை வந்தது. நெவில் கூடத்தை மூடிவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். லண்டனில் புது ஆட்கள், புதுக் கைட்டுகள். எங்கள் சுவர் டெலிபோன் அதற்குப் பிறகு மீன்காரனுக்காகவும் பால்காரனுக்காகவும் மட்டும் அடித்தது. ஒவ்வொரு மணிக்கும் ஜனீன் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"உனக்கில்ல கண்ணு. மீன் நாளைக்குத்தான் வருமாம்" என்பாள் எட்னா. கேலியாக ஆரம்பித்தவள், போகப்போக மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

ஜனீன் பத்திரிகைகளைப் புரட்டுவாள். "இதப் பாரு, இவளும் அவளும் ஒருத்தர ஒருத்தர் பாக்கவே இல்ல. சண்டைதான்." "இவ இளைச்சிட்டா. இவதான் போவா." யாருக்கும் கெடுதல் நினைக்கும் சுபாவம் அவளுக்குக் கிடையாது. அந்த நாலு பேர் விஷயத்தில் மட்டும், வாசலில் நின்று ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள்போல ஆகிவிட்டாள்.

தொண்ணூற்று ஏழு அக்டோபரில் அந்த நாலு பேரில் கெர்ஸ்டி என்பவள் பெட்டியைத் தூக்கினாள். எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வந்தது. இடம் காலி, யார் வேண்டுமானாலும் லண்டனுக்கு வந்து பாடிக்காட்டலாம் என்று அறிவித்தார்கள்.

"நெவிலுக்கு போன் போட்டியா?" என்று கேட்டேன்.

"நம்பர் மாறிடுச்சாம். வேணாம், நானே போறேன். நீயும் வா. ஒரு நாள் லீவு போட்டா ஸ்கூல் இடிஞ்சிடாது."

காலை பஸ்ஸில் ஏறினோம். எட்னா எங்களுக்கு, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட 'பை' இரண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தாள். ஊர் எல்லை தாண்டியதும் ஜனீன் பொய்ப்பல்லைக் கழற்றி, ஜன்னல் பக்கம் திரும்பி, மெல்லச் சீழ்க்கையைப் பழகிப் பார்த்தாள். முன் சீட்டுப் பெரியவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

"கைட் பாடுனது நீதான்னு நம்பலேன்னா என்னடி பண்ணுவே?" என்று கேட்டேன்.

அவள் கோட்டுப் பையைத் தட்டினாள். "நம்பாம எங்க போவாங்க? இதோ இருக்குல்ல. நேத்து நீ டீ போட்டுக்கிட்டிருந்தப்போ உன் டிராயர்லேர்ந்து எடுத்துட்டேன். செவப்புப் பொட்டு."

நான் அவள் கோட்டுப் பையைப் பார்த்தேன். "போட்டுப் பாத்தியா?"

"எங்க வீட்டுல டேப்புப் பொட்டி ஏது? தம்பி வித்துட்டானே. ஏன், டேப்பு கீப்பு சிக்கிக்கிச்சா?"

"இல்ல."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? பஸ் ஒத்துக்கலையா? பைய அப்புறம் சாப்பிடு."

பர்மிங்காம் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். பர்மிங்காம் வந்தது, போனது. வழியில் நிறுத்திய இடத்தில் சொல்லலாம் என்று இருந்தேன். அங்கே அவள் கழிப்பறைக் கண்ணாடி முன்னால் தலைமுடியை மூன்று விதமாகச் செய்து, "எது நல்லாருக்கு?" என்றாள். "ரெண்டாவது" என்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

தேர்வை ஒரு விளையாட்டு அரங்கத்தில் வைத்திருந்தார்கள். சுவரோரமாக நாற்காலிகள், நூற்றுக்கணக்கான பெண்கள், எல்லோர் நெஞ்சிலும் நம்பர் ஒட்டிய காகிதம். ஜனீனுக்கு முந்நூற்றுப் பதினெட்டு. முன்னால் ஒரு மேசை, மூன்று பேர். நடுவில் பென்சிலைத் தலைமுடியில் சொருகிய ஒரு பெண். நெவில் போன பிறகு புதிதாக வந்தவள். எல்லோரையும் டார்லிங் என்றாள். எல்லோர் முன்னிலையிலும்தான் பாட வேண்டும். கேட்டுக்கொண்டே நான்கு மணி நேரம் காத்திருந்தோம். ஜனீன் உட்காரவில்லை, நின்றாள், நடந்தாள், கூரையின் விளக்குகளை எண்ணினாள்.

நம்பரைக் கூப்பிட்டதும் பல்லைக் கழற்றி, காகிதக் கைக்குட்டையில் சுற்றி என் கையில் வைத்தாள். கோட்டோடு போய் நடுவில் நின்றாள். அந்தச் சனிக்கிழமைப் பாட்டைப் பாடினாள்.

அவ்வளவு நேரம் இருந்த சலசலப்பு நின்றுவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த சின்னப் பெண் ஒருத்தி நகம் கடிப்பதை நிறுத்தினாள். பாடி முடித்ததும் சிலர் கை தட்டினார்கள். போட்டிக்கு வந்தவர்கள் போட்டிக்காரிக்குக் கை தட்டினார்கள்.

மேசைப் பெண்ணும் சிரித்தாள். "அற்புதம் டார்லிங். அப்படியே அச்சு. ஆனா பாருங்க, அதுதான் பிரச்சனை. காலையிலேர்ந்து வந்தவங்க எல்லாரும் அவங்க மாதிரியே அந்த 'ஸ'வப் பாடுறாங்க. நீங்க எல்லாரையும் விட நல்லாவே பண்றீங்க. ஆனா எங்களுக்கு வேற ஒரு குரல் வேணும். காப்பி வேணாம்."

"காப்பி இல்லைங்க" என்றாள் ஜனீன்.

"மன்னிக்கணும்?"

"நான் அவங்க மாதிரி பாடல. அவங்கதான் என்ன மாதிரி பாடுறாங்க. அது என் பல்லு."

மேசையில் இருந்த ஆண் ஒருவன், "பல்லா?" என்றான். சுவரோரம் சிரிப்பு கிளம்பியது. ஜனீன் கைட்டைப் பற்றிச் சொன்னாள், நெவிலைப் பற்றிச் சொன்னாள். வேகமாகச் சொன்னாள். கோர்வையாக வரவில்லை. நெவிலின் பெயரைக் கேட்டதும் மேசையில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது அங்கே சொல்லக் கூடாத பெயர். பிறகு அவள் கோட்டுப் பையில் கை விட்டு, கேசட்டை மேசைமேல் வைத்தாள். "போட்டுப் பாருங்க."

மேசைப் பெண் பெட்டியில் போட்டாள். "...இந்த வாரம் முதலிடத்துக்குப் பாய்ந்து வந்திருப்பது" என்று அறிவிப்பாளர் குரல். அப்புறம் டாஃபி மூன்.

அரங்கம் முழுக்கச் சிரித்தது. ஜனீன் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள், யாரோ தெரிந்தவர்களைக் கூட்டத்தில் தேடுவதுபோல. மேசைப் பெண் நாலு வரி ஓடவிட்டு நிறுத்தி, கேசட்டை எடுத்து அவளிடம் நீட்டினாள். "இது எங்க வீட்டுல என் பொண்ணுகிட்டயும் இருக்கு டார்லிங்" என்றாள். கெட்ட குணத்தோடு சொல்லவில்லை.

மூன்று நிமிஷம் விட்டிருந்தால் போதும். அந்தப் பதினோரு விநாடி வந்திருக்கும். அவள் பெயரே அதில் இருந்தது. அந்த அரங்கத்தில் அது தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

நான் எழுந்துவிட்டேன். நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"உங்க நம்பர் என்ன டார்லிங்?" என்று கேட்டாள் மேசைப் பெண்.

"எனக்கு... நம்பர் இல்லைங்க."

"அப்ப கொஞ்சம் உக்காருங்க, சரியா?"

உட்கார்ந்தேன். என் கைக்குள் பல் இருந்தது. முந்நூற்றுப் பத்தொன்பதைக் கூப்பிட்டார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். லண்டன் முடிந்து வயல்கள் வந்த பிறகு, "ஒரு வேள நெவில் வேற கேசட்டக் குடுத்திருப்பாரோ?" என்றாள்.

நான் சொன்னேன். மாவுக் கை, இரண்டு விசை, சிவப்புப் பொட்டு, எல்லாம் சொன்னேன்.

"எந்த வாரம்?"

"அது முதல் இடத்துக்கு வந்த வாரம்."

"ரெண்டு வருஷமா உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"முழுசா போச்சா?"

"கடைசி வரி இருக்கு. அப்புறம் நெவில் உன் பேரச் சொல்லுவாரு. அதுவும் இருக்கு."

அவள் முழுதாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "அங்க ஒக்காந்திருந்தப்போ அது உனக்குத் தெரியுமா? அவ நிறுத்துனப்போ?"

"தெரியும். எழுந்தேன் ஜனீன்."

"எழுந்தே. பாத்தேன்." கையை நீட்டினாள். "பல்லக் குடு."

கொடுத்தேன். வாயில் வைத்துக்கொண்டாள். ஓல்டம் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷமும் நாலு மாதமும் என்னோடு பேசவில்லை. ஒரே சமையலறை, ஒரே அடுப்பு. "எட்னா, அந்தம்மாவ அந்தக் கரண்டிய இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்பாள். எட்னா என்னிடம், "அந்தம்மா, கரண்டியாம்" என்பாள். நான் தள்ளுவேன். "நன்றின்னு சொல்லிடவா?" என்பாள் எட்னா. "வேணாம்" என்பாள் ஜனீன். டாஃபி மூனில் அந்த நாலாவது இடத்துக்குத் தெற்கிலிருந்து ஒரு பெண் வந்தாள். குரல் வேறு மாதிரி. 'ஸ'வைச் சாதாரணமாகப் பாடினாள். மற்ற மூவரும் சீழ்க்கையை விடவில்லை.

தொண்ணூற்று ஒன்பது பிப்ரவரியில், மழை பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, கதவைத் தட்டினாள். கோட்டோடு உள்ளே வந்தாள். என் டேப் பெட்டியில் கேசட்டைப் போட்டு, முன்னால் ஓட்டி, ஓட்டி, அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள். கடைசி வரி. சீழ்க்கை. "அவ்வளவுதான் ஜனீன். டீ குடிச்சிட்டு இன்னொரு தடவ பாத்துரலாம்." பின்னால் ஓட்டினாள். மறுபடி கேட்டாள். மூன்றாவது தடவையும் கேட்டாள்.

"நல்லாத்தான்டி பாடியிருக்கேன்" என்றாள்.

மேசையிலிருந்த கத்தியை எடுத்து, கேசட்டின் முதுகில் இருந்த தகட்டை நெம்பி உடைத்தாள். துண்டு எங்கேயோ தெறித்து விழுந்தது. நான் குனிந்து தேடினேன்.

"அதத் தேடி ஒட்ட வைக்கப் போறியா? எழுந்திரு. டீ போடு."

நாற்காலி நுனியில் உட்கார்ந்து டீ குடித்தாள். "இதோ கெளம்பிட்டேன்" என்றாள். ஒன்பது மணிவரை இருந்தாள்.

டாஃபி மூன் இரண்டாயிரத்து ஒன்றில் கலைந்தது. போன கோடையில் மூன்று பேர் மட்டும் சேர்ந்து ஊர் ஊராகப் பாடினார்கள், மான்செஸ்டருக்கும் வந்தார்கள். ஜனீன் போகவில்லை. அந்தச் சனிக்கிழமைப் பாட்டு சூப்பர் மார்க்கெட்டில் அடிக்கடி வருகிறது. வரும்போது தள்ளுவண்டியை விட்டுவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விடுவாள், முடிந்ததும் வருவாள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. எட்னா ஓய்வு பெற்ற பிறகு அதே சமையலறைக்கு ஜனீன்தான் தலைமைச் சமையல்காரி. நான் அவளுக்குக் கீழே வேலை பார்க்கிறேன். சுவர் டெலிபோனை எடுத்துவிட்டார்கள், அது இருந்த இடத்தில் நாலு ஆணித் துளைகள் இருக்கின்றன. எந்தப் பாட்டுத் தட்டிலும் அவள் பெயர் இல்லை. கேசட் அவளிடம் இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்கும் பெட்டி எங்கள் தெருவில் என் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் வருகிறாள்.